பெயர் சொல்லாத குற்றச்சாட்டு: குவாண்டனாமோ தீர்ப்பாயமும் ஆறு அல்ஜீரியர்களும்

2002 ஜனவரி 17ஆம் தேதி போஸ்னியக் கூட்டமைப்பின் உச்ச நீதிமன்றம் ஆறு பேரை விடுதலை செய்யச் சொன்னது. ஆறு பேரும் அல்ஜீரியாவில் பிறந்து போஸ்னியாவில் குடியேறியவர்கள். சரயேவோவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குக் குண்டு வைக்கச் சதி செய்தார்கள் என்று சொல்லி, அமெரிக்காவின் நெருக்குதலில் 2001 அக்டோபரில் அவர்களைப் பிடித்திருந்தார்கள். மூன்று மாதம் விசாரணை நடந்தது. வீடுகளைச் சோதித்தார்கள், தாள்களைப் புரட்டினார்கள். தொடர்ந்து காவலில் வைக்க ஆதாரம் இல்லை என்பதுதான் முடிவு. அதே நாளில் அந்நாட்டின் மனித உரிமை அவையும் அவர்களில் நான்கு பேரை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. சிறை வாசலில் அவர்களுக்காகக் கூட்டம் திரண்டு நின்றது. பொழுது விடிந்தபோது ஆறு பேரும் அமெரிக்கப் படையின் கையில் இருந்தார்கள். ஜனவரி 20 அன்று அவர்கள் கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்தின் சிறை முகாமான குவாண்டனாமோ போய்ச் சேர்ந்தார்கள்.

இவர்கள் யாரும் போர்க்களத்தில் துப்பாக்கியோடு பிடிபட்டவர்கள் அல்லர். சரயேவோவுக்கும் காபூலுக்கும் இடையே 4,000 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. லக்தர் பூமெடியன் செம்பிறைச் சங்கத்தில் அநாதைக் குழந்தைகளுக்கான உதவிப் பணியில் இருந்தவர். முஸ்தபா ஐத் இதிர் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணினி வேலை பார்த்தவர், கராத்தே பயிற்சியாளர். மற்றவர்கள் ஹாஜ் புதெல்லா, முகமது நெஷ்லா, சாபர் லஹ்மர், பெல்காசெம் பென்சாயா.

அவர்கள் கியூபாவில் இறங்கி ஒன்பது நாள் ஆனபோது அதிபர் ஜார்ஜ் புஷ் நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை நிகழ்த்தினார். நம் வீரர்கள் போஸ்னிய அரசோடு சேர்ந்து, நம் தூதரகத்துக்குக் குண்டு வைக்கத் திட்டமிட்ட பயங்கரவாதிகளைப் பிடித்துவிட்டார்கள் என்று உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் மேடையில் அறிவித்தார். ‘சந்தேகத்துக்கு உரியவர்கள்’ என்றுகூட அவர் சொல்லவில்லை.

நாட்டின் அதிபரே பகிரங்கமாகச் சொல்லிவிட்ட ஒன்றைத்தான், இரண்டரை ஆண்டு கழித்து மூன்று ராணுவ அதிகாரிகள் ‘மறுஆய்வு’ செய்ய உட்கார்ந்தார்கள். அந்த மறுஆய்வு எப்படி நடந்தது, அதே வழக்கை ஒரு நீதிபதி திறந்து பார்த்தபோது என்ன மிஞ்சியது என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த வழக்கைப் போலத் தெளிவானது வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

தீர்ப்பாயம் எப்படி வந்தது

போரில் பிடிபட்டவர் யார் என்பதில் ஐயம் எழுந்தால், தகுதியுள்ள தீர்ப்பாயம் ஒன்று முடிவு சொல்லும் வரை அவரைப் போர்க்கைதியாகவே நடத்த வேண்டும். 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம், 5ஆம் பிரிவு சொல்வது இது. அமெரிக்க ராணுவத்துக்கு இது புதிதல்ல. இதற்கென்று தனி விதிமுறையே எழுதி வைத்திருந்தார்கள். 1991 வளைகுடாப் போரில் இப்படி 1,196 விசாரணைகளை நடத்தினார்கள். 310 பேரைப் போர்க்கைதி என்று முடிவு செய்தார்கள். மீதி 886 பேரும் போரில் சிக்கி இடம்பெயர்ந்த பொதுமக்களும் அவர்களைப் போன்றவர்களும்தான் என்று தெரியவந்தது. பிடிபட்ட இடத்துக்கு அருகிலேயே, பிடித்த சூட்டோடு விசாரித்ததால் வந்த பலன் அது. அந்த ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருந்தார்கள், பிடித்த சிப்பாயும் பக்கத்தில் இருந்தான், நடந்தது யாருக்கும் மறந்திருக்கவில்லை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2002 பிப்ரவரி 7 அன்று புஷ் இந்த வழக்கத்தை நிறுத்தினார். அல்கொய்தாவுக்கு ஜெனீவா ஒப்பந்தம் பொருந்தாது, தாலிபான்கள் யாருக்கும் போர்க்கைதி நிலை கிடையாது என்று மொத்தமாக முடிவு செய்துவிட்டார். ஐயமே இல்லை என்றால் தீர்ப்பாயமும் தேவையில்லை. இப்படி இரண்டரை ஆண்டு ஓடியது.

2004 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் தந்தது. குவாண்டனாமோ கைதிகளும் அமெரிக்க நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனுப் போடலாம் என்றது ஒன்று. எதிரிப் போராளி என்று சொல்லி அடைத்து வைக்கப்பட்டிருந்த யாசர் ஹம்தி என்ற அமெரிக்கக் குடிமகனின் வழக்கு மற்றது. எதன் அடிப்படையில் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டும், நடுநிலையான ஒருவர் முன் மறுத்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்றது நீதிமன்றம். முறையாக அமைத்த ராணுவத் தீர்ப்பாயம்கூட இதற்குப் போதுமானதாக இருக்கலாம் என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் ஒரு வரி எழுதியிருந்தார்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. ஒன்பதே நாளில், ஜூலை 7 அன்று, பாதுகாப்புத் துணைச் செயலர் பால் வோல்ஃபோவிட்ஸ் ‘போராளி நிலை மறுஆய்வுத் தீர்ப்பாயம்’ அமைக்க உத்தரவிட்டார். ஜூலை 29 அன்று கடற்படைச் செயலர் கார்டன் இங்லண்ட் அதற்கான நடைமுறை விதிகளை வெளியிட்டார். கைதிகள் நீதிமன்றக் கதவைத் தட்டும்போது ‘நாங்களே விசாரித்துவிட்டோம்’ என்று காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. அந்த அவசரம் விதிகளிலேயே தெரிகிறது.

மூன்று அதிகாரிகள் கொண்ட குழு. தலைவர் கர்னல் அல்லது அதற்கு இணையான கடற்படை கேப்டன். அரசுத் தரப்பின் தாள்களை முன்வைக்க ஒரு பதிவாளர். கைதிக்கு உதவ ‘தனிப் பிரதிநிதி’ என்று ஓர் அதிகாரி. அவர் வழக்கறிஞர் அல்லர், கைதி அவரிடம் சொன்னது எதையும் அவர் ரகசியமாக வைத்துக்கொள்ளத் தேவையும் இல்லை. வெளியிலிருந்து வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள அனுமதி கிடையாது. ரகசியம் என்று முத்திரை குத்திய தாள்களைக் கைதி பார்க்க முடியாது, அவற்றிலிருந்து எடுத்த சுருக்கம் ஒன்றை வாசித்துக் காட்டுவார்கள். யாரோ சொன்னதை வேறு யாரோ எழுதி வைத்த செவிவழிச் செய்தியும் ஆதாரமாகச் செல்லும். கைதி கேட்கும் சாட்சிகளும் தாள்களும் ‘நியாயமான அளவில் கிடைக்கக்கூடியவை’ என்றால் மட்டுமே வரவழைப்பார்கள். கிடைக்குமா கிடைக்காதா என்று முடிவு செய்வதும் குழுத் தலைவரே.

இவற்றையெல்லாம்கூட ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம். போர்க்காலம், அன்னிய மண், எல்லாம் நீதிமன்றம் போல நடக்குமா என்று கேட்கலாம். எனக்கு ஏற்க முடியாதவை வேறு இரண்டு. அரசு தரும் ஆதாரம் உண்மையானது, துல்லியமானது என்ற அனுமானத்தோடு விசாரணையைத் தொடங்க வேண்டும், அதை உடைக்கும் பொறுப்பு கைதியுடையது என்பது ஒன்று. இந்தக் கைதிகள் ஒவ்வொருவரும் பாதுகாப்புத் துறை அதிகாரிகளின் பல கட்டப் பரிசீலனையில் ஏற்கெனவே எதிரிப் போராளி என்று தீர்மானிக்கப்பட்டவர்கள் என்று வோல்ஃபோவிட்ஸின் உத்தரவிலேயே எழுதியிருந்தது மற்றொன்று. மேலதிகாரிகள் முடிவு செய்துவிட்டோம் என்று எழுத்தில் சொல்லியிருக்க, கீழே இருக்கும் மூவர் அது தவறு என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

எதிரிப் போராளி என்பதன் வரையறையும் ஹம்தி வழக்கில் நீதிமன்றம் பேசியதைவிட விரிந்திருந்தது. தாலிபான், அல்கொய்தா, அவற்றோடு சேர்ந்த படைகள் ஆகியவற்றின் ‘அங்கமாக இருந்தவர் அல்லது ஆதரித்தவர்’ எவரும் அதில் அடக்கம். எவ்வளவு தூரம் அது நீளும் என்பது 2004 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் வெளிவந்தது. ஆப்கான் அநாதைகளுக்கு உதவுகிறோம் என்று நம்பி சுவிட்சர்லாந்துப் பாட்டி ஒருவர் ஓர் அறக்கட்டளைக்குக் காசோலை எழுதுகிறார், அது உண்மையில் அல்கொய்தாவின் முகமூடி, அந்தப் பாட்டியையும் பிடித்து வைப்பீர்களா என்று நீதிபதி ஜாய்ஸ் ஹென்ஸ் கிரீன் கேட்டார். பிடித்து வைக்கலாம் என்பதே அரசு வழக்கறிஞரின் பதில்.

2004 அக்டோபர், குவாண்டனாமோ

விசாரணை நடந்தது முகாமுக்குள் இருந்த சிறிய ட்ரெய்லர் அறை ஒன்றில். கைதி வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். கை கால்களில் விலங்கு, காலைத் தரையோடு பிணைத்த சங்கிலி. எதிரே மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

ஐத் இதிரின் முறை வந்தபோது பதிவாளர் சுருக்கத்தை வாசித்தார். போஸ்னியாவில் வாழ்ந்தபோது, அறியப்பட்ட அல்கொய்தா ஆள் ஒருவருடன் இவர் தொடர்பு வைத்திருந்தார் என்றது அதில் ஒரு வரி. அதன் பின் நடந்த உரையாடல் நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

‘அவர் பெயரைச் சொல்லுங்கள்’ என்றார் ஐத் இதிர்.

‘எனக்குத் தெரியாது’ என்றார் தீர்ப்பாயத் தலைவர்.

‘அப்படியானால் நான் இதற்கு எப்படிப் பதில் சொல்வேன்?’

அல்கொய்தாவைச் சேர்ந்த யாரையாவது உமக்குத் தெரியுமா என்று தலைவர் கேட்டார். தெரியாது என்றார் ஐத் இதிர். இதையேதான் விசாரணை அதிகாரிகளும் வெகு நாளைக்கு முன்பு தன்னிடம் சொன்னார்கள், அவர்களிடமும் பெயரைக் கேட்டேன் என்று விளக்கினார். அவர் என் நண்பராக இருக்கலாம், கூட வேலை பார்த்தவராக இருக்கலாம், என் அணியில் இருந்தவராகவும் இருக்கலாம். போஸ்னியரா, இந்தியரா, யார் என்றே எனக்குத் தெரியவில்லை. பெயரைச் சொன்னால் நான் பதில் சொல்லி என்னைக் காத்துக்கொள்வேன் என்றார். கேள்வி கேட்பது நாங்கள், சுருக்கத்தில் உள்ளதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று தலைவர் முடித்துக்கொண்டார்.

தலைவரை இங்கே கெட்டவராகப் பார்க்க நான் தயாரில்லை. அவருக்கு உண்மையிலேயே பெயர் தெரியாது. தீர்ப்பு சொல்ல வேண்டியவருக்கே குற்றச்சாட்டின் உள்ளடக்கம் தெரியாமல் போனதுதான் இந்த வழக்கின் மையம். கைதியிடமிருந்து மறைத்ததோடு அது நிற்கவில்லை.

தூதரகச் சதி பற்றிய பேச்சும் இப்படியே போனது. என்னிடம் வெடிபொருள் கிடைத்ததா, ஆயுதம் கிடைத்ததா, தூதரகத்துக்கு முன்னால் என்னைப் பிடித்தீர்களா என்று வரிசையாகக் கேட்டார் ஐத் இதிர். நான் அல்கொய்தா என்கிறீர்கள், அல்ல என்று நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது, பின்லேடனைப் பிடித்து நான் அவன் ஆளா என்று கேட்டுப் பாருங்கள் என்றார். ஆதாரத்தை நீங்கள்தான் தர வேண்டும், என்னால் இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும் என்றார். நீதிபதி கிரீன் இந்தப் பகுதியைத் தன் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார். விளைவு இவ்வளவு பயங்கரமாக இல்லாதிருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம் என்ற பொருள்பட எழுதினார்.

விலங்கோடு உட்கார்ந்து, அன்னிய மொழியில், வழக்கறிஞர் இல்லாமல், இதைவிடக் கூர்மையாக ஒருவர் தன் பக்கத்தை வாதாட முடியாது. போஸ்னிய நீதிமன்றத்தின் விடுதலைத் தாள்களை வரவழைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எடுபடவில்லை. நியாயமான அளவில் கிடைக்கக்கூடியவை அல்ல என்றார்கள். ஒரு நட்பு நாட்டின் உச்ச நீதிமன்ற உத்தரவு அது. சரயேவோவில் அமெரிக்கத் தூதரகம் இருந்தது.

ஆறு பேரும் எதிரிப் போராளிகளே என்று தீர்ப்பாயங்கள் முடிவு செய்தன.

558இல் 38

2004 ஜூலை முதல் 2005 மார்ச் வரை 558 பேருக்கு இந்த விசாரணை நடந்தது. 520 பேர் எதிரிப் போராளிகள் என்று முடிவானது. மீதி 38 பேருக்கும் ‘எதிரிப் போராளி அல்லர்’ என்ற சொல் கிடைக்கவில்லை. ‘இனி எதிரிப் போராளி அல்லர்’ என்று எழுதினார்கள். முதலில் பிடித்ததும் சரியே என்று அந்த ‘இனி’ சொல்லாமல் சொன்னது. வளைகுடாப் போரில் நான்கில் மூன்று பேர் வெளியே வந்தார்கள், இங்கே நூற்றில் ஏழு பேர்கூட வரவில்லை. இரண்டு போர்களும் வேறு, பிடிபட்டவர்களும் வேறு என்று இதற்கு விடை சொல்லலாம். ஆனால் குவாண்டனாமோவில் பலரைப் பிடித்துக் கொடுத்தது அமெரிக்கச் சிப்பாய்கள் அல்லர். பாகிஸ்தானியர்களும் ஆப்கான் படைத்தலைவர்களும் பணத்துக்காகவும் ஒப்படைத்தார்கள். தவறுக்கு இடம் அதிகம் என்றால் விசாரணையும் அதிகம் கவனமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

நியூஜெர்சியின் சீட்டன் ஹால் சட்டப் பள்ளிப் பேராசிரியர் மார்க் டென்பாவும் மாணவர்களும் 393 கைதிகளின் பதிவுகளை எடுத்துப் படித்து 2006இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த ஒரு விசாரணையில்கூட அரசு ஒரு சாட்சியையும் நிறுத்தவில்லை. குவாண்டனாமோவுக்கு வெளியே இருந்த சாட்சி என்று கைதிகள் கேட்ட யாரும் வரவழைக்கப்படவில்லை. ஓர் ஆப்கானியர் நான்கு சாட்சிகளைக் கேட்டார், கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். கார்டியன் நாளிதழ் மூன்றே நாளில் அவர்களைத் தேடிப் பிடித்தது. ஒருவர் அதிபர் ஹமீத் கர்சாயின் ஆலோசகர், ஒருவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார், மூன்றாமவர் காபூலில் இருந்தார், நான்காமவர் இறந்துபோயிருந்தார். ஜெர்மனியில் வளர்ந்த துருக்கியரான முராத் குர்னாஸ் மேல் இருந்த புகார்களில் ஒன்று, அவருடைய நண்பர் தற்கொலைக் குண்டுதாரி என்பது. அந்த நண்பர் ஜெர்மனியில் உயிரோடு இருந்தார்.

உள்ளிருந்தே ஒருவர் பேசியபோதுதான் இந்த இயந்திரம் ஓடிய விதம் வெளியே தெரிந்தது. ஸ்டீபன் ஏப்ரஹாம், ராணுவ ரிசர்வ் படையின் லெப்டினன்ட் கர்னல், உளவுத் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர், தொழிலால் வழக்கறிஞர். தீர்ப்பாயங்களை நடத்திய அலுவலகத்தில் 2004 செப்டம்பர் முதல் 2005 மார்ச் வரை பணியாற்றினார். 2007 ஜூனில் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். தீர்ப்பாயத்துக்கு வந்த தகவல்கள் பொதுவானவை, மூலம் தெரியாதவை, கைதிக்குச் சாதகமானது எதுவும் விடுபடவில்லை என்று உளவு அமைப்புகளிடம் எழுத்தில் உறுதி கேட்டபோது தர மறுத்தார்கள் என்று அதில் எழுதினார்.

அவரே ஒரு குழுவில் உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறார். விசாரிக்கப்பட்டவர் லிபியர் ஒருவர். வைத்த தாள்களில் ஆதாரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். மேலிடத்திலிருந்து மறுபடி திறந்து பார்க்கச் சொன்னார்கள். திறந்து பார்த்தும் மூவரும் மாறவில்லை. அதே கைதிக்கு வேறு குழு வைத்து எதிரிப் போராளி என்ற முடிவை வாங்கினார்கள். ஏப்ரஹாமை அதன் பின் எந்தக் குழுவிலும் போடவில்லை.

நீதிமன்றம் திறந்த கதவு

பூமெடியன் பெயரில் போட்ட ஆட்கொணர்வு மனு 2005 ஜனவரி 19 அன்று நீதிபதி ரிச்சர்ட் லியோன் முன் தோற்றது. குடிமக்கள் அல்லாதவர்கள், அமெரிக்க மண்ணுக்கு வெளியே இருப்பவர்கள், இவர்கள் கேட்கக்கூடிய உரிமை எதுவும் சட்டத்தில் இல்லை என்றார் லியோன். பன்னிரண்டு நாள் கழித்து அதே கட்டடத்தில் நீதிபதி கிரீன் நேர்மாறாகத் தீர்ப்பளித்தார். தீர்ப்பாயங்களின் நடைமுறை அரசமைப்புச் சட்டத்துக்குப் புறம்பானது என்றார்.

இடையில் நாடாளுமன்றம் புகுந்தது. 2005 டிசம்பரிலும் 2006 அக்டோபரிலும் இரண்டு சட்டங்கள் வந்தன. குவாண்டனாமோ கைதிகளின் ஆட்கொணர்வு மனுக்களைப் பறித்துவிட்டு, தீர்ப்பாயம் தன் சொந்த விதிகளின்படி நடந்ததா என்பதை முக்கியமாக ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்த்தால் போதும் என்றன. விதியே கோணல் என்றால், விதிப்படி நடந்தது என்ற சான்றிதழால் யாருக்கு என்ன பயன்? 2007 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. ஏப்ரஹாமின் பிரமாணப் பத்திரம் அதன் பின்தான் வந்தது. வந்த சில நாளில், ஜூன் 29 அன்று, உச்ச நீதிமன்றம் தன் மறுப்பைத் தானே திரும்பப் பெற்று வழக்கை எடுத்துக்கொண்டது. இது மிக அரிதாக நடப்பது. காரணம் என்ன என்று நீதிமன்றம் எழுதவில்லை.

2008 ஜூன் 12 அன்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி அந்தோணி கென்னடி. குவாண்டனாமோவிலும் ஆட்கொணர்வு உரிமை செல்லும், அதைப் பறித்த சட்டப் பிரிவு செல்லாது என்றார். கைதிக்கு வழக்கறிஞர் இல்லை, தன் மேல் உள்ள முக்கியக் குற்றச்சாட்டே தெரியாமல் போகலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு பெயரளவுக்குத்தான் இருக்கிறது, ஆகவே தீர்ப்பாயம் உண்மையைத் தவறாகக் கண்டுகொள்ளும் அபாயம் கணிசமானது என்று விளக்கினார். அந்தத் தவறின் விலை ஒரு தலைமுறைக்கும் மேல் நீளக்கூடிய சிறைவாசம் என்பதையும் சேர்த்துக்கொண்டார். பின்னால் கிடைத்த சாதகமான ஆதாரத்தை மேல்முறையீட்டில் காட்ட வழியில்லை என்பது அவர் கண்ட பெரிய குறை.

எதிர்த்த நால்வரின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். எதிரிப் போராளி என்று பிடிபட்ட அன்னியர்களுக்கு இந்த நாடு இதுவரை தந்ததிலேயே தாராளமான பாதுகாப்பு இதுதான் என்றார் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். இந்தத் தீர்ப்பால் மேலும் அமெரிக்கர்கள் கொல்லப்படுவது ஏறக்குறைய நிச்சயம் என்று எழுதினார் அன்டனின் ஸ்காலியா. விடுதலையானவர்களில் சிலர் மறுபடி ஆயுதம் எடுத்ததும் உண்மை. ஆனால் ராபர்ட்ஸின் ஒப்பீடு எனக்குப் பொருந்தவில்லை. முந்தைய போர்களில் பெரும்பாலும் சீருடையோடு பிடிபட்டவர்கள், தாங்கள் யார் என்பதை மறுக்கவில்லை. இங்கே ‘நீ யார்’ என்பதே வழக்கு. அதை விசாரிக்கத்தான் தீர்ப்பாயம். அந்த ஒரு கேள்விக்கே அதனிடம் வழி இல்லை என்றால் மற்ற தாராளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எட்டு நாள் கழித்து இன்னொரு வழக்கில், ஹுசைஃபா பர்ஹத் என்ற, சீனாவின் உய்குர் இனத்தைச் சேர்ந்த கைதியை எதிரிப் போராளி என்ற தீர்ப்பாய முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றமே ரத்து செய்தது. அரசு ஒன்றை மூன்று முறை சொல்லிவிட்டதால் அது உண்மையாகிவிடாது என்று அந்தத் தீர்ப்பில் நீதிபதி மெரிக் கார்லண்ட் எழுதினார்.

லியோன் தாள்களைத் திறந்தபோது

ஆறு பேரின் மனு திரும்ப லியோனிடமே போனது. 2005இல் உங்களுக்கு உரிமையே இல்லை என்று சொல்லி அனுப்பிய அதே நீதிபதி, குடியரசுக் கட்சி அதிபரால் நியமிக்கப்பட்டவர். இந்த முறை அவர் ஆதாரத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

பார்க்கும் முன்பே ஒன்று நடந்தது. 2008 அக்டோபரில் அரசு தூதரகக் குண்டுச் சதிக் குற்றச்சாட்டைக் கைவிட்டது. எந்தப் புகாருக்காக அவர்களைப் பிடித்தார்களோ, எதை அதிபர் நாட்டுக்கே அறிவித்தாரோ, எதை வைத்து ட்ரெய்லருக்குள் ஐத் இதிரிடம் கேள்வி கேட்டார்களோ, அதற்கு இனி ஆதாரம் தர அரசு முன்வரவில்லை. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. மிஞ்சியது ஒரே புகார்: ஆப்கானிஸ்தான் போய் அமெரிக்காவுக்கு எதிராகப் போரிட இவர்கள் திட்டமிட்டார்கள் என்பது.

மூடிய அறைக்குள் பல நாள் விசாரணை நடந்தது. கைதிகளுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ரகசியத் தாள்களைப் பார்க்க அனுமதி பெற்ற வழக்கறிஞர்கள். நவம்பர் 20 அன்று லியோன் தீர்ப்பை வாசித்தார். ஐந்து பேருக்கு எதிராக இருந்தது ஒரு ரகசியத் தாள், அதில் பெயர் குறிப்பிடாத ஒரே ஒரு ஆள் சொன்ன தகவல். அந்த ஆள் எவ்வளவு நம்பத்தக்கவர், அவருக்கு இது எப்படித் தெரியும் என்று மதிப்பிட நீதிமன்றத்தின் கையில் எதுவும் தரப்படவில்லை. இவ்வளவு மெல்லிய நாணலின் மேல் ஒருவரை எதிரிப் போராளி என்று நிறுத்த முடியாது என்றார் லியோன். ஐந்து பேரையும் விடுவிக்க உத்தரவிட்டார்.

பென்சாயாவின் விஷயத்தில் அவர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார். அங்கே ஒன்றை ஒன்று தாங்கும் ஆதாரங்கள் இருப்பதாகக் கண்டார். கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் திறந்துவிட்ட நீதிபதி அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மேல்முறையீடு செய்ய வேண்டாம் என்று அரசைக் கேட்டுக்கொண்டது அதைவிட அபூர்வம். மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும், இவ்வளவு முக்கியமான கேள்விக்கு நம் சட்ட அமைப்பிடமிருந்து பதில் வாங்க ஏழு ஆண்டு காத்திருந்தது போதும் என்றார். அரசும் அதற்கு இணங்கியது.

டிசம்பர் 16 அன்று ஐத் இதிர், புதெல்லா, நெஷ்லா மூவரும் போஸ்னியா திரும்பினார்கள். பூமெடியன் 2006 டிசம்பரிலிருந்து உண்ணாவிரதத்தில் இருந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வலுக்கட்டாயமாக உணவு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2009 மே மாதம் பிரான்ஸ் அவரை ஏற்றது. அதே ஆண்டின் பிற்பகுதியில் லஹ்மரையும் ஏற்றது. பென்சாயாவுக்கு எதிரான முடிவையும் 2010 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்து, மறுபடி பார்க்கச் சொன்னது. அரசு தன் ஆதாரங்களில் ஒரு பகுதியைக் கைவிட்டுவிட்ட நிலையில் மிச்சம் போதாது என்றது. அவர் 2013 டிசம்பரில் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார்.

2004இல் தீர்ப்பாயத்தின் மேசையிலும் 2008இல் லியோனின் மேசையிலும் இருந்தவை அரசு முன்வைத்த ரகசியத் தாள்கள்தான். முன்னது அதை உண்மை என்று வைத்துக்கொண்டு கைதியை மறுக்கச் சொன்னது. பின்னது, இதைச் சொன்னவர் யார் என்று அரசைக் கேட்டது. ஐத் இதிர் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

அதன் பிறகு

2009 மார்ச்சில் ஒபாமா அரசு ‘எதிரிப் போராளி’ என்ற பெயரைக் கைவிட்டது. போராளி நிலை மறுஆய்வுத் தீர்ப்பாயங்களுக்கும் வேலை இல்லாமல் போனது. 2011இல் வேறு வகைப் பரிசீலனைக் குழுக்கள் வந்தன. ஒருவர் எதிரியா இல்லையா என்பதை அவை பார்ப்பதில்லை, இன்னும் ஆபத்தானவரா என்று பார்க்கின்றன. சுமார் 780 பேரை அடைத்த முகாமில் 2025 ஜனவரியில் 15 பேர் மிச்சம் இருந்தார்கள்.

ஆனால் 2004இன் அந்த அனுமானம் முழுவதும் ஒழியவில்லை. ஏமன் நாட்டைச் சேர்ந்த குவாண்டனாமோ கைதி அட்னான் லத்தீஃப், தலைக்காயத்துக்குச் சிகிச்சை தேடிப் போனவன் நான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2010 ஜூலையில் மாவட்ட நீதிபதி ஹென்றி கென்னடி அவருடைய ஆட்கொணர்வு மனுவை ஏற்று விடுவிக்கச் சொன்னார். அவருக்கு எதிராக இருந்த முக்கிய உளவு அறிக்கை நம்பத்தக்கது அல்ல என்பது காரணம். 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. அரசு அதிகாரிகள் எழுதிய உளவு அறிக்கை, ஒருவர் சொன்னதைச் சரியாகவே பதிவு செய்திருக்கிறது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்றது. சொன்னது உண்மை என்று அனுமானிக்கச் சொல்லவில்லைதான். ஆனால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று வாதிடும் கைதிக்கு இரண்டும் ஒன்றே.

மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி டேவிட் டேட்டல். அந்த அறிக்கை போரின் குழப்பத்துக்கு நடுவே, நமக்கு அநேகமாக ஒன்றும் தெரியாத ஒரு முறையில் உருவானது என்றார். ஆட்கொணர்வு விசாரணை பொருளுள்ளதாக இருக்க வேண்டும் என்று பூமெடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளையில் இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை என்றும் எழுதினார். லத்தீஃபின் மனுவை எடுக்க 2012 ஜூன் 11 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தச் செப்டம்பரில் அவர் முகாமிலேயே இறந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு மாற்றப்படவில்லை.